தலைப்பாகைத் தம்பி

எட்டாம் சக், கங்காநகர்
2 டிசம்பர் 1978

அண்ணன் பக்தௌர் சிங்குக்கு,

குருவின் அருளால் இங்கே எல்லோரும் நலம். வழக்கமாக அடுத்த வரியில் உங்கள் நலத்தை விசாரிப்பேன். இந்த முறை விசாரிக்கப் போவதில்லை. பேத்தி கல்யாணத்தில் தம்பியை ஊர் நடுவில் நிற்கவைத்தவர் நலமாகத்தான் இருப்பார்.

தேஜோ கல்யாணத்து மில்னியைப் பற்றித்தான் எழுதுகிறேன். மாப்பிள்ளை வீட்டார் வந்திறங்கி, இரண்டு பக்கத்து உறவும் பெயர் சொல்லி அழைக்கப்பட்டுக் கட்டித் தழுவும் அந்த ஒரு நேரத்துக்காகவே பஸ் மாறி பஸ் ஏறி வந்தேன். நீலத் தலைப்பாகைக்குக் கஞ்சி போட்டுக் கட்டியிருந்தேன். குருத்வாரா கிரந்தி சீட்டைப் பார்த்துப் பெயர்களைப் படித்தார். தாத்தாவும் தாத்தாவும் தழுவினார்கள். அப்பாவும் அப்பாவும், மாமனும் மாமனும். அந்தப் பக்கம் மாப்பிள்ளையின் சின்னத் தாத்தா மாலையோடு முன்னால் வந்து நின்றார். அவருக்கு எதிரே நிற்க வேண்டியவன் நான். கூப்பிடவில்லை. உங்கள் மருமகளுக்கு ஏதோ தூரத்து உறவாம், ரேடியோ ரிப்பேர் செய்கிறவன், அவனைக் கூப்பிட்டார்கள். நான் சாப்பிடாமல் கிளம்பினேன்.

அந்தக் காலத்தில் உங்களிடம் ஒரு மாடு, என்னிடம் ஒரு மாடு. ஒற்றை மாட்டை வைத்து யாராலும் உழ முடியாது. இரண்டையும் ஒரே ஏரில் பூட்டி உங்கள் நிலத்தையும் உழுதோம், என் நிலத்தையும் உழுதோம். அந்த வருடம் முக்த்சர் திருவிழாவில் ஊர் பார்க்கத் தலைப்பாகையை மாற்றிக் கட்டிக்கொண்டோம். அன்றிலிருந்து உங்கள் அம்மா எனக்கு அம்மா. அவர் இறந்தபோது பாடைக்குத் தோள் கொடுத்தவன் நான். நீங்கள் அன்று கட்டிவிட்ட தலைப்பாகை என் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது.

என் பெயர் விட்டுப்போனதா, விடப்பட்டதா? இரண்டில் எது என்று எழுதவும்.

இன்று வரை உங்கள் தம்பி,
உஜாகர் சிங்


கோட்லி சந்தா, மான்சா வழி
20 டிசம்பர் 1978

அன்புத் தம்பி உஜாகருக்கு, அண்ணன் பக்தௌர் சிங் சொல்ல, பேத்தி மல்கீத் எழுதுவது.

நாங்கள் நலம். நீ விசாரிக்காவிட்டாலும் நான் விசாரிக்கிறேன். தங்கச்சி பிஷன் கௌருக்கு முழங்கால் வலி எப்படி? பேரன் ஜக்தார் எப்படி இருக்கிறான்? கோதுமைக்கு முதல் தண்ணீர் விட்டாயிற்று. எருமை கன்று போட்டிருக்கிறது, கிடேரி. பனி நன்றாக இறங்குகிறது.

மில்னி விஷயத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. கல்யாணக் கூட்டம், சத்தம். கிரந்தி தடுமாறிவிட்டார். வயதாகிவிட்டது அவருக்கும்.

லோஹ்ரிப் பண்டிகைக்கு வெல்லம் காய்ச்சுகிறோம். வந்துவிட்டுப் போ.

உன் அண்ணன்,
பக்தௌர் சிங் (கைநாட்டு)

சின்னத் தாத்தா, இது நானே எழுதுவது. 'தடுமாறிவிட்டார்' என்று சொல்லும்போது தாத்தா என்னைப் பார்க்கவில்லை, எருமையைப் பார்த்தார். "ஏன் தாத்தா, அவரு கண்ணாடி இல்லாமலே படிப்பாரே"ன்னு கேட்டேன். "உன்னை எழுதச் சொன்னேனா, வக்கீல் வேலை பார்க்கச் சொன்னேனா?"ன்னு எரிஞ்சு விழுந்தார். நீங்க சாப்பிடாம போனதுல அம்மாவுக்கு ரொம்ப வருத்தம். - மல்கீத்


எட்டாம் சக்
30 டிசம்பர் 1978

பக்தௌர் சிங்குக்கு,

இங்கே நலம். என் மனைவியின் முழங்கால், கேட்டதற்கு நன்றி, அப்படியேதான் இருக்கிறது.

கிரந்தி தடுமாறவில்லை. போன வாரம் பக்கத்து சக் கிராமத்தில் பாராயணத்துக்கு வந்திருந்தார். நானே போய்ப் பிடித்தேன்.

"என்ன ஞானி ஜி, கண்ணு மங்கிப்போச்சாமே?"

"யாருக்கு? எனக்கா? அந்தா தூரத்துல வருது பாரு எருமை, அது சினையா இல்லையான்னு இங்கேருந்தே சொல்லட்டுமா?"

"அப்ப என் பேரு உங்க கண்ணுக்கு மட்டும் ஏன் தெரியல?"

மனுஷன் தாடியைத் தடவினார். "சீட்டுல இருந்துச்சப்பா. காலையில சர்தார் வந்தாரு. 'இதுல உஜாகர் பேரு எது, விரல் வச்சுக் காட்டு'ன்னாரு. காட்டினேன். என் பேனாவை வாங்கி அவரே அடிச்சாரு. ரெண்டு தடவை அடிச்சாரு. நான் என்ன பண்றது?"

உங்களுக்கு எழுத்துத் தெரியாது. 'எது அவன் பெயர்' என்று கேட்டு, தேடிப் பிடித்து அடித்திருக்கிறீர்கள். எனக்கு எழுத்து யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. மாடு மேய்த்துக்கொண்டே பிரார்த்தனைப் புத்தகத்தை வைத்து நானாகக் கற்றேன். கற்றதும் முதலில் எழுதிப் பார்த்தது என் பெயரை அல்ல, உங்கள் பெயரை.

காரணத்தை எழுதுங்கள். இல்லாவிட்டால் என் தலைப்பாகையைத் திருப்பி அனுப்புங்கள், உங்களுடையதை நான் அனுப்புகிறேன். லோஹ்ரிக்கு வர மாட்டேன்.

உஜாகர் சிங்

மல்கீத், உன் கையெழுத்து நன்றாக இருக்கிறது. உன்மேல் எனக்குக் கோபமில்லை.


கோட்லி சந்தா
25 ஜனவரி 1979

தம்பி உஜாகருக்கு,

குருவின் துணையால் நலம், உன் வீட்டிலும் அப்படியே இருக்க வேண்டுகிறேன். உன் கடிதம் வந்து பல நாளாகிவிட்டது. குளிர் கையை மடக்க விடவில்லை, அதனால் தாமதம்.

கடுகு பூத்துவிட்டது. கரும்பு இந்த வருடம் சாறு குறைவு. தேஜோ லோஹ்ரிக்கு வந்தாள், இன்னும் இங்கேதான் இருக்கிறாள்.

நீ கேட்டதற்குப் பதில் இருக்கிறது. இந்தக் கடிதத்தில் எழுத முடியாது. பொறு.

பக்தௌர்

சின்னத் தாத்தா, எழுதுறது நான், குளிர்றது அவர் கையா? இந்தச் சின்னக் கடிதத்துக்கு ஒரு பொழுது முழுக்க உட்கார்ந்தோம். சொல்ல ஆரம்பிப்பார், என்னைப் பார்ப்பார், "போய் டீ கொண்டா"ம்பார். கொண்டு வந்தா, "ஆறிப்போச்சு, வேற கொண்டா." அக்கா தேஜோ பத்தி அவர் எழுதச் சொன்னது அவ்வளவுதான். நானும் அதுக்கு மேல எழுதல. - மல்கீத்


எட்டாம் சக்
4 பிப்ரவரி 1979

பக்தௌர் சிங்குக்கு,

நாங்கள் நலம். உங்கள் மௌனம் எனக்குப் புரியவில்லை. புரியாததை நான் மன்னிப்பதில்லை, அது உங்களுக்குத் தெரியும்.

அது தனி. இது தனி: தேஜோ ஏன் இன்னும் புகுந்த வீட்டுக்குப் போகவில்லை? மாப்பிள்ளை வீட்டில் யாராவது ஏதாவது கேட்டார்களா? உண்மையை எழுதுங்கள். தேவையானால் இங்கிருந்து டிராக்டர் டிரெய்லர் நிறைய ஆட்களோடு வருகிறேன். மில்னியில் கூப்பிடாவிட்டால் என்ன, சண்டைக்கு வர யாரும் பெயர் படிக்க வேண்டியதில்லை.

இதை வைத்து நான் சமாதானமாகிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம்.

உஜாகர் சிங்


புட்லாடா மண்டி
14 மார்ச் 1979

என் தம்பி உஜாகருக்கு,

நலம். நீயும் நலமாக இரு. கடுகு விற்க மண்டிக்கு வந்தேன். இதை எழுதுவது இங்கே தரகுக் கடையில் கணக்கெழுதும் பன்சி லால். மல்கீத் இல்லாத இடம் வேண்டியிருந்தது. அவளைப் பற்றிய கடிதத்தை அவள் கையாலேயே எப்படி எழுதவைப்பேன்?

தேஜோவின் புகுந்த வீட்டில் மோட்டார் சைக்கிள் கேட்டு அனுப்பியிருக்கிறார்கள். நான் ஊர் ஊராக அலைந்து பார்த்து எடுத்த வீடு அது. கல்யாணத்துக்கு முந்தின வாரமே பேச்சில் ஒரு வாடை வந்தது. பந்தல் போட்டாயிற்று, என்ன செய்வேன்? அன்றைக்கே முடிவு செய்தேன், சின்னவள் மல்கீத்தை நான் உள்ளும் புறமும் அறியாத வீட்டுக்குக் கொடுப்பதில்லை என்று. நான் அப்படி அறிந்த வீடு ஒன்றுதான். அது உன் வீடு. உன் பேரன் ஜக்தார்.

ஆனால் நீ என் தம்பி. அவன் அவளுக்கு அண்ணன் முறை. முக்த்சரில் நாம் தலைப்பாகை மாற்றியதைப் பார்த்தவர்கள் அநேகமாகப் போய்விட்டார்கள். இளசுகளுக்கு நீ யாரோ கங்காநகர்ப் பெரியவர். மில்னியில் உன்னைப் பெண்ணின் சின்னத் தாத்தா என்று நாலு ஊர் கேட்கக் கூப்பிட்டிருந்தால் எல்லாம் அதோடு முடிந்திருக்கும். பிறகு மல்கீத்தை உன் வீட்டுக்கு அனுப்பினால் காறித் துப்புவார்கள். அதனால் அடித்தேன். முதல் கோடு கோணலாகப் போய்விட்டது, அதனால் இரண்டாவது.

நீ கேட்டபடியே செய்வோம். என் தலைப்பாகையை அனுப்பு, உன்னுடையதை அனுப்புகிறேன். சத்தமில்லாமல் முடியட்டும். ஒரு வருடம் கழித்து நீ பெண் கேட்டு வா. தம்பியை இழக்கிறேன். எனக்கு அது சின்ன விஷயம் என்று நினைக்காதே.

"சம்பந்தி ஆயிட்டா சண்டை வருமே சர்தார்" என்கிறார் பன்சி லால். "நீ எழுதற வேலையைப் பாரு" என்றேன். அதையும் எழுதிவிட்டார்.

பக்தௌர் சிங்


கோட்லி சந்தா
28 ஏப்ரல் 1979

மரியாதைக்குரிய சின்னத் தாத்தாவுக்கு மல்கீத் பாதம் தொட்டு எழுதுவது.

நாங்கள் நலம், சின்னப் பாட்டியின் முழங்கால் தேவலையா? கோதுமை அறுவடை முடிந்துவிட்டது. இது தாத்தாவுக்குத் தெரியாமல் எழுதும் கடிதம்.

உங்களிடமிருந்து கடிதம் வந்து வெகு நாளாகிறது. தாத்தா தினமும் தபால்காரர் சைக்கிளை எதிர்பார்த்து ரோட்டு முனையில் போய் நிற்கிறார். "என்ன சர்தார், புதுசா யாருகிட்ட மாட்டிக்கிட்டீங்க?" என்று தபால்காரரே கேலி செய்கிறார். தாத்தா சிரிப்பதில்லை.

மண்டியில் என்ன எழுதினார் என்று எனக்குத் தெரியும். பன்சி லால் மாமாவின் மகள் என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவள். அந்த மாமா எழுதின எதையும் வயிற்றில் வைத்துக்கொள்ள மாட்டார். கடுகு விலைக்கு முன்னால் என் கல்யாணம் மண்டி முழுக்கத் தெரிந்துவிட்டது.

ஜக்தார் அண்ணனிடம் எந்தக் குறையும் இல்லை. நான் சின்னப் பெண்ணாக உங்கள் வீட்டில் மழைக்காலம் முழுக்க இருந்தபோது அவருக்கு ராக்கி கட்டினேன். நூல் இத்துப்போகிற வரை கழற்றாமல் வைத்திருந்தார். அவரை அண்ணா என்று கூப்பிட்ட வாயால் வேறு என்ன கூப்பிடுவது? "தாத்தா, என்னையும் ஒரு வார்த்தை கேட்கலாமில்ல?" என்று நேற்று சும்மா தொடங்கினேன். "எதைப் பத்தி?" என்றார். "எருமையை விக்கறதைப் பத்தி" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன். அவர் முகத்தைப் பார்த்து அதற்கு மேல் கேட்க மனம் வரவில்லை. அக்கா கதையில் அவர் பாதியாக இளைத்துவிட்டார்.

உங்கள் பேச்சைத்தான் அவர் கேட்பார். நீங்கள் என்ன சொல்லப் போகிறீர்கள் என்று எனக்கு மட்டுமாவது எழுதுங்கள்.

உங்கள்
மல்கீத்


எட்டாம் சக்
7 மே 1979

பக்தௌர் சிங்குக்கு,

இங்கே நலம். அறுவடை, கதிரடிப்பு, பருத்தி விதைப்பு என்று மூச்சுவிட நேரமில்லை. மண்டியிலிருந்து எழுதியது கிடைத்தது. படித்தேன். மறுபடியும் படித்தேன். டிரங்குப் பெட்டியைத் திறந்து தலைப்பாகையை வெளியே எடுத்தும் வைத்திருக்கிறேன்.

எனக்கு ஒரு வேலை இருக்கிறது. அதை முடித்துவிட்டுப் பதில் சொல்கிறேன். அதுவரை மல்கீத்தைப் பார்க்க யாரையும் வீட்டுக்குள் விட வேண்டாம்.

உஜாகர் சிங்


கோட்லி சந்தா
22 மே 1979

அன்புத் தம்பிக்கு,

எல்லோரும் நலம், நீங்கள் எல்லோரும் நலமாக இருக்க வேண்டும். உன் கடிதத்தைப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். மனம் லேசாகிவிட்டது. நீ வெளியே எடுத்து வைத்தது போலவே நானும் எடுத்து, துவைத்து, மடித்து, தயாராக வைத்திருக்கிறேன். சாயம் கொஞ்சம் போயிருக்கிறது, துணி திடமாக இருக்கிறது. நீ சொன்னபடி இந்த வீட்டுக்கு யாரும் வரவில்லை.

தேஜோ புகுந்த வீட்டுக்குத் திரும்பிவிட்டாள். மோட்டார் சைக்கிள் கொடுக்கவில்லை. உன் டிராக்டர் டிரெய்லர் பேச்சை அவர்கள் காதில் போட்டுவைத்தேன், அதுவே போதுமானதாக இருந்தது.

பருத்தி முளைத்துவிட்டது. வெயில் கொளுத்துகிறது. வெளியே போகும்போது தலையில் ஈரத்துணி போட்டுக்கொள்.

உன் அண்ணன்,
பக்தௌர்

சின்னத் தாத்தா, உங்க கடிதத்துல எனக்கு ஒரு வரிகூட இல்ல. பரவாயில்ல. தலைப்பாகையைத் துவைச்சது நான்தான். - மல்கீத்


எட்டாம் சக்
17 ஜூன் 1979

என் அண்ணன் பக்தௌர் சிங்குக்கு,

குருவின் அருளால் இங்கே நலம். அங்கே எல்லோருடைய நலத்தையும் விசாரிக்கிறேன், உங்களுடையதையும் சேர்த்து.

மல்கீத், இதை உரக்கப் படி. முணுமுணுக்காதே. வாசலில் யாராவது உட்கார்ந்திருந்தால் அவர்களும் கேட்கட்டும்.

அண்ணா, உங்கள் தலைப்பாகையை அனுப்பவில்லை. அனுப்பவும் மாட்டேன்.

உங்கள் மண்டிக் கடிதத்தை இந்த வீட்டில் படித்தபோது பிஷன் கௌர் என்ன சொன்னாள் தெரியுமா? "சர்தாரே, பழைய துணியைக் கொடுத்துட்டு வைரத்தை வாங்கிக்கோங்க. அந்தப் பொண்ணு இந்த வாசல்ல நடந்தா எனக்கு முழங்கால் வலியே போயிடும்" என்றாள். எனக்கும் ஆசை வந்தது. மறைக்கவில்லை. எனக்குப் பேத்திகள் கிடையாது. மல்கீத் இங்கே இருந்த அந்த மழைக்காலத்தில்தான் இந்த வீட்டில் சத்தமாகச் சிரிப்புக் கேட்டது. பெட்டியைத் திறந்து, துணியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு பல நாள் உட்கார்ந்தேன்.

"என்ன, குஞ்சு பொரிக்கப் போறீங்களா?" என்றாள் பிஷன் கௌர்.

"இவளே, மல்கீத் நமக்கு இப்ப என்ன வேணும்?"

"பேத்தி."

"இதைத் திருப்பிக் கொடுத்துட்டா?"

"பேரன் பொண்டாட்டி."

"பேத்தியைக் கொடுத்துட்டுப் பேரன் பொண்டாட்டியை வாங்கறது லாபமா?"

அவள் என்னை முறைத்துவிட்டு, "உங்ககிட்ட பேசி ஜெயிச்சவ எவ?" என்று மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள். ஜெயித்தது நான்தான் என்று அதற்கு அர்த்தம். மல்கீத், இதெல்லாம் உன் கடிதம் வருவதற்கு முன்பே முடிந்த கதை. நீ எழுதி நான் மாறியதாக யாரும் சொல்லக் கூடாது. உன் கடிதத்தால் நான் சரி என்பது எனக்கு இன்னும் உறுதியாயிற்று, அவ்வளவுதான். உனக்குப் பதில் எழுதாததற்குக் காரணம், வேலை முடியாமல் வார்த்தை கொடுத்து எனக்குப் பழக்கமில்லை.

அண்ணா, நீங்கள் செய்தது முட்டாள்தனம். அன்பினால் செய்த முட்டாள்தனம் என்றாலும் முட்டாள்தனம்தான். பேத்தியை நல்ல வீட்டில் சேர்க்க ஒரு தாத்தாவை வெட்டிவிடுவதா? ஒரு மூக்குக்குத் தப்பிய வாடை இன்னொரு மூக்குக்குத் தெரியும் என்பதற்குத்தானே தம்பி என்று ஒருவன்? தேஜோவுக்கு மாப்பிள்ளை பார்த்தபோது என்னைக் கூட்டிப் போயிருக்க வேண்டும். போகவில்லை. எனக்கு உண்மையான கோபம் அதில்தான். அது தீரவில்லை, சீக்கிரத்தில் தீருவதாகவும் இல்லை.

அடிக்கத் தெரிந்த கைக்கு எழுதவும் தெரிய வேண்டும். மல்கீத் உங்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கட்டும். அவள் கல்யாண மில்னிச் சீட்டில் என் பெயரை நீங்கள்தான் எழுத வேண்டும். வேறு கையால் எழுதியிருந்தால் கூப்பிட்டாலும் வர மாட்டேன்.

இனி நான் முடித்த வேலை. அபோஹர் பக்கம் ஒரு வீடு. நம் கோத்திரம் இல்லை, விசாரித்துவிட்டேன். எருமை விலை கேட்கிற சாக்கில், சொல்லாமல் கொள்ளாமல் உச்சி வெயிலில் போனேன். வீட்டைப் பார்க்க வேண்டுமானால் அந்த நேரத்தில்தான் போக வேண்டும், அலுப்பில் யாரும் வேஷம் போட முடியாது. பையன் வாய்க்காலில் சிக்கின டிராக்டரை இழுத்துக்கொண்டிருந்தான். கூட இருந்த வேலையாள்தான் அதைச் சேற்றில் விட்டிருந்தான். பையன் ஒரு வார்த்தை திட்டவில்லை, அவனுக்கு முன்னால் இவன் முழங்கால் வரை இறங்கினான். அவன் அம்மா, சாணி அள்ள வந்த பெண்ணை நிழலில் உட்காரச் சொல்லி, வீட்டுக்காரர்கள் குடிக்கிற அதே தம்ளரில் லஸ்ஸி ஊற்றிக் கொடுத்தாள். மோட்டார் சைக்கிள் அவர்களிடம் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது.

எனக்கும் ஒரு பெரிய தம்ளரில் கொண்டு வந்து வைத்தாள். வெண்ணெய் மிதந்தது. நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"வேணாம்மா" என்றேன்.

"தண்ணியாவது குடிங்க பெரியவரே. மூஞ்சி செவந்து கெடக்கு."

"அதுவும் வேணாம்."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். நம் பக்கத்தில் பெண் கொடுக்கிற ஊரில் பெண்ணைப் பெற்றவர்கள் பச்சைத் தண்ணீர் தொட மாட்டார்கள், அது அவளுக்குத் தெரியாதா? துப்பட்டாவை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள்.

"எருமை பார்க்க வந்தவங்க யாரும் தண்ணி வேணாம்னு சொன்னதில்ல. எந்த ஊருப் பொண்ணு, பெரியவரே?"

"கோட்லி சந்தா" என்றேன். "என் பேத்தி."

இன்னும் பேச்சே தொடங்கவில்லை, அதற்குள் என்ன சடங்கு என்று நீங்கள் கேட்பீர்கள். கேளுங்கள். அந்த ஊர் எல்லையைத் தாண்டி, அடுத்த ஊரின் அடிபம்பில் தலையை நுழைத்துக் குடித்தேன்.

அண்ணா, வெயில் தணிந்ததும் நீங்களும் ஒரு முறை அந்த வீட்டைப் போய்ப் பாருங்கள். பிஷன் கௌர் உங்கள் எல்லோருக்கும் ஆசி சொல்கிறாள். ஜக்தார் தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னான்.

மல்கீத், அந்தப் பையன் சந்தைக்கு எந்தக் கிழமை வருவான் என்று கேட்டு வைத்திருக்கிறேன். அம்மாவோடு போய் நீயே பார். பிடிக்கவில்லை என்றால் கூச்சப்படாமல் எழுது. வேறு ஊர்கள் இருக்கின்றன. இன்னொரு முறை தாகத்தோடு திரும்பி வருகிறேன்.

உங்கள் தம்பி,
அவள் சின்னத் தாத்தா,
உஜாகர் சிங்